வீட்டுச் சோதனைக்கு ஏற்ற செடி யாது?

வீட்டு முற்றத்திலோ மேல்மாடியிலோ ஒரு செடியை வளர்த்து, அதன் வாயிலாக இயற்கையின் நியதி ஒன்றனைக் கண்டறிய விழையும் மாணவர் முதற்கண் வினவுவது, ‘எந்தச் செடியை வளர்க்கலாம்?’ என்பதே. நம் கருத்தில் இவ்வினா இரண்டாவதாக எழவேண்டியது. எதனை அறிய விரும்புகின்றோம் என்பது முன்னர்த் தெளிந்தாலன்றிச் செடியைத் தேர்ந்தெடுத்தல் இயலாது. வழக்கு இன்னதென்று அறியுமுன் சாட்சியை மன்றுக்கு அழைப்பார் இலர். செடியும் ஒரு சாட்சியே. நிகழ்ந்ததனைக் கண்டிருக்கக்கூடிய சாட்சியாக அஃது இருத்தல் வேண்டும். அன்றியும், நமக்கு உவப்பில்லாத விடையையும் அஞ்சாது கூறவல்லதாக இருத்தல் வேண்டும். எதைக் கேட்பினும் ‘ஆம்’ என்று தலையசைக்கும் செடி அழகாயிருக்கலாம், சோதனைக்கு ஆகாது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களினின்று வந்து பயிலும் மாணவர்க்கு இஃது ஓய்வுநேர விளையாட்டு மட்டும் அன்று. 1970-ஆம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், ஓசூரைச் சுற்றிக் கேழ்வரகுக் கொல்லையும் தொழிற்சாலை மதிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜூஜூவாடி எல்லையைக் கடந்தால் கர்நாடகம். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அந்நகரத்தின் கழிவுநீர் தென்பெண்ணை வழியே இறங்கி வருகின்றது. அந்நகரத்து விளக்கொளியோ இரவு வானத்தில் தெரிகின்றது. ‘இந்நீர் பயிருக்கு நல்லதா? இவ்வொளி பூப்பினைக் கெடுக்குமா?’ என்று வீட்டில் பெரியோர் கேட்கும்போது, கற்ற பிள்ளை ஒரு சட்டி மண்ணைக்கொண்டேனும் விடை தேட முயல்வது இயல்பு. தக்க செடியைத் தேர்ந்தால் ஓரளவு விடை கிட்டும். தகாத செடியைத் தேர்ந்தால் பொய்விடை கிட்டும்; விடையே இல்லாதிருப்பதினும் அது தீது.

செடித்தேர்வின் சிறப்பினை விளக்க மெண்டலின் வாழ்க்கையினும் சிறந்த சான்று இல்லை. பிர்னோ நகரத்து அகஸ்தீனிய மடத்துத் துறவியாகிய அவர், பட்டாணியைக் கையிலெடுத்தது தற்செயல் அன்று. வணிகரிடமிருந்து 34 வகைப் பட்டாணி விதைகளை வருவித்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்து, தம் இயல்பில் மாறாது நிற்பவை எவை என்று முதலில் பார்த்தார். அவற்றுள் 22 வகைகளே சோதனைக்குக் கொள்ளப்பட்டன. பட்டாணிப் பூவின் இதழ்கள் மகரந்தத்தையும் சூலகத்தையும் உள்ளே பொதிந்து வைத்திருத்தலால் வெளி மகரந்தம் எளிதில் புகாது. வேண்டும்போது மனிதன் கையால் இதழைத் திறந்து கலப்புச் செய்யலாம். கலப்பினால் பிறந்த செடியும் குறைவின்றிக் காய்க்கும். இம்மூன்று குணங்களையும் அவர் முன்னரே எண்ணி வைத்திருந்தார். 1856 முதல் 1863 வரை வளர்த்து, 1865-இல் தம் முடிவுகளைப் படித்து, அடுத்த ஆண்டில் அச்சிட்டார்.

பின்னர் நிகழ்ந்ததனைப் பலர் கூறுவதில்லை. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலியுடன் கடிதத் தொடர்பு கொண்ட மெண்டல், அவர் பெரிதும் ஆராய்ந்துவந்த ஹைரேசியம் என்னும் மஞ்சட்பூக் களைச்செடியில் தம் விதியைச் சோதிக்கப் புகுந்தார். மிக நுண்ணிய பூக்கள்; கண் நோகுமளவு உழைத்தார். பட்டாணி காட்டிய விகிதம் ஒன்றும் அதில் தோன்றவில்லை. காரணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வெளிப்பட்டது: அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை ஈனுவது, ஆதலின் பிள்ளைகள் தாயையே ஒத்துப் பிறந்தன. அறிஞர் அவரே, முறையும் அதுவே, செடி மட்டும் மாறியது.

தக்க செடியும் தனியே போதாது என்பதற்குப் பிரசெல்ஸ் நகரத்து வான் ஹெல்மாண்ட் சான்று. 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இராத்தலுக்குச் சற்று மேலாயிற்று. மண்ணோ இரண்டு அவுன்சு மட்டுமே குறைந்தது. வில்லோ நீரைக்கொண்டு விரைந்து வளர்வதாகலின் தேர்வு நன்றே. மரமெல்லாம் நீரினால் ஆயிற்று என்று அவர் முடித்ததோ, காற்றைக் கணக்கில் சேர்க்காமையால் வந்த பிழை. அவர் மறைந்தபின் 1648-இல் வெளியான இக்குறிப்பு இன்றும் பாடநூல்களில் நிற்கின்றது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். பழைய சேலம் மாவட்டத்தில் ஓசூரைப் பாலாகாட் என்றும், கிருஷ்ணகிரியைப் பாராமகால் என்றும் பிரித்துக் கூறியது வெறும் பெயர் வேற்றுமை அன்று. ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. ஐம்பது கிலோமீட்டர் கீழிறங்கினால் கிருஷ்ணகிரி ஏறத்தாழ 1,600 அடிதான். மார்கழியில் ஓசூர் மாடியில் செழிக்கும் பட்டாணி, கிருஷ்ணகிரியில் மாசி பிறக்குமுன் வாடத் தொடங்கும். ஆகவே ஒரே மாவட்டத்து மாணவர் இருவர்க்கும் ஒரே செடியைப் பரிந்துரைத்தல் ஆகாது.

ஓசூர் என்றவுடன் ரோஜா நினைவுக்கு வரும். பசுமைக்குடில்களில் வளர்ந்து அயல்நாடு செல்லும் அம்மலர் அவ்வூர்க்குப் பெருமையே. ஆயினும் வீட்டுச் சோதனைக்கு ரோஜாவை நாம் பரிந்துரையோம். ஒட்டுக்கட்டிய செடியில் வேர் ஒன்று, தண்டு மற்றொன்று. எதன் குணம் எதனால் வந்தது என்று பிரித்தறிதல் கடினம். ஒன்றிரண்டு செடிகளுக்கு மேல் வாங்கக் காசும் இடமும் இரா. ஒன்றிரண்டு செடிகளைக்கொண்டு யாதொரு முடிவுக்கும் வருதல் தகாது. கிருஷ்ணகிரியின் மாமரமோ காய்க்கும்வரை மாணவர் கல்லூரியில் இரார். தக்காளி சற்று ஏற்றது. ஆனால் கடையில் வாங்கும் கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்த விதையை அடுத்த முறை விதைத்தால் பிள்ளைகள் பலவாறாகப் பிரியும் என்பதனை நினைவிற் கொள்ளவேண்டும். பரம்பரையைப் பார்ப்பவர்க்கு அஃது ஆதாயம். எருவைப் பார்ப்பவர்க்கு இடையூறு.

எருவைப் பற்றிய சோதனையையே முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் அவரையையோ மொச்சையையோ பஞ்சில் முளைக்க வைப்பர். முளைத்தலைக் காண அதனினும் நல்ல விதை இல்லை. வித்திலைகள் பிரிவதும் வேர் இறங்குவதும் கண்ணெதிரே தெரியும். ஆனால் அதே மொச்சையை எருவிட்ட மண், எருவிடாத மண் இரண்டிலும் விதைத்து, இரண்டு வாரத்தில், ‘வேற்றுமை இல்லை, எருவினால் பயன் இல்லை’ என்று எழுதினால் பெரும்பிழையாகும். அவ்வித்து தனக்கு வேண்டிய உணவைத் தாயிடமிருந்தே கட்டுச்சோறாகப் பெற்று வருகின்றது. அச்சோறு தீருமட்டும் மண்ணின் வறுமை அதற்குத் தெரியாது. தீர்ந்தபின்னும், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருதலால், தழைச்சத்துக் குறைவை அது நெடுநாள் மறைத்துவைக்கும். பயறு வகைகள் எல்லாவற்றுக்கும் இக்குணம் உண்டு.

கேழ்வரகைப் பாருங்கள். ஒரு கிராமில் 300 மணிகளுக்கு மேல் நிற்கும். ஒரு மொச்சையின் எடைக்கு எண்பது, நூறு மணிகள் வேண்டும். கட்டுச்சோறு சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். காற்றிலிருந்து தழைச்சத்துப் பிடிக்கும் முடிச்சும் அதன் வேரில் இல்லை. எனவே மண் ஏழையாயின் மூன்றாம் வாரத்திற்குள் இலை வெளிறி நமக்குச் சொல்லிவிடும். விலை மலிவு, விதை பல்லாண்டு முளைதிறன் கெடாதது, வெயிலுக்கு அஞ்சாதது, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொதுவானது. களி கிண்டுவதற்கென வீட்டில் இருக்கும் தானியத்தையே எடுக்கலாம். எனினும் பையூர் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலிருந்து ஒரே வகை விதையைப் பெறுதல் மேல். கடைத் தானியம் பல கொல்லைகளின் கலவை. சுவிசேஷத்தில் வரும் விதைக்கிறவன் உவமையில் வழியருகும், கற்பாறையும், முள்ளும், நன்னிலமும் வேறுவேறு. கையிலிருந்த விதை ஒன்றே. அதனால்தான் விளைச்சலின் வேற்றுமையை நிலத்தின்மேல் ஏற்றிக் கூறுதல் அவ்வுவமையில் பொருந்துகின்றது. விதையும் வெவ்வேறாயிருப்பின் உவமையே நில்லாது.

பரம்பரையைக் காண விழைவோர்க்கும் கேழ்வரகு உதவும், முதலில் அவ்வாறு தோன்றாவிடினும். அதன் பூக்கள் மிகச் சிறியன. தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வன. ஊசிமுனையால் மகரந்தப்பையை நீக்குதல் தேர்ந்தவர்க்கும் அரிது. 1930-ஆம் ஆண்டுகளில் கோயம்புத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சி நடத்திய இரங்கசாமி ஐயங்கார் முதலியோர் இதற்கு எளிய வழி ஒன்று கண்டனர். பச்சைத்தண்டுடைய செடியின் கதிரையும் ஊதாநிறம் படர்ந்த செடியின் கதிரையும் பூக்குமுன் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி மூடிவிடுவது. பச்சைச் செடியின் மணிகளை மறுமுறை விதைத்தால் பெரும்பாலான நாற்றுகள் பச்சையாகவே இருக்கும். எங்கேனும் ஒன்றிரண்டின் கணுக்களில் ஊதாநிறம் தோன்றும். அவையே கலப்பினால் பிறந்தவை. ஊதா பச்சையை வென்று வெளிப்படும் குணமாதலால் இத்தந்திரம் பலிக்கின்றது. எந்தக் கதிரைத் தாயாகக் கொள்வது என்பதிலும் தேர்வு இருப்பது நோக்கத்தக்கது. ஊதாச் செடியைத் தாயாக வைத்தால் கலப்பு நாற்றும் கலவா நாற்றும் ஒரே நிறமாய் நின்று நம்மை ஏமாற்றும்.

ஒளியைப் பற்றிய வினாவுக்குக் கேழ்வரகை விடுத்து அதன் பக்கத்து வரிசைக்குச் செல்லவேண்டும். ஓசூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் கேழ்வரகின் ஊடே வரிசையாக அவரை விதைத்தல் பழைய வழக்கம். அந்நாட்டு அவரை ஆனியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் பகல் குறுகிய பின்னரே பூக்கும். பெங்களூரிலும் மார்கழி, தையில்தான் அவரைக்காய் சந்தையை நிறைக்கும். செடிகள் பகலின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்பதனை அமெரிக்க அறிஞர் கார்னர், அல்லார்டு இருவரும் 1920-இல் புகையிலை, சோயா அவரை ஆகியவற்றைக்கொண்டு நாட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறுபொழுது விளக்கேற்றினாலும் பூப்பு நின்றுபோம் என்பதனை ஹாம்னர், பான்னர் என்போர் 1938-இல் மருளூமத்தைக் களையில் கண்டனர். சாமந்தி வளர்ப்போர் சந்தை நாளுக்கெனப் பூப்பினைத் தள்ளிவைக்கக் கொல்லையில் இரவில் மின்விளக்கு எரிப்பதும் இவ்வுண்மை பற்றியே.

தொழிற்சாலை விளக்கோ தெருவிளக்கோ இரவு முழுதும் விழும் மாடியில் சில தொட்டிகளையும், அதே வெயில் பெற்று இரவில் இருண்டிருக்கும் மூலையில் சில தொட்டிகளையும் வைத்து, முதற்பூ மலரும் நாளைக் குறித்துவருதல் எளிய சோதனை. எந்த அவரை என்பதிலேதான் கவனம் வேண்டும். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஹெப்பாள் அவரை என்னும் பெயரால் பகல்நீளத்துக்குக் கட்டுப்படாத வகைகளை வெளியிட்டுள்ளனர். உழவர்க்கு அவை ஆண்டு முழுதும் பயன் தருவன. இச்சோதனைக்கோ ஊமைச் சாட்சிகள். அவ்விதையை விதைத்துவிட்டு, ‘விளக்கினால் யாதும் தீங்கில்லை’ என்று மாணவர் எழுதுவாராயின், அவர் கண்டது உண்மை, முடித்தது பொய். பாட்டியார் பானையில் வைத்திருக்கும் பழைய விதையே இங்கு வேண்டுவது.

எல்லாவற்றினும் கனத்த வினா நீரைப் பற்றியது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீரையும் ஏற்றுக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. அணையிலிருந்து நீர் திறக்கும் காலங்களில் வெண்ணுரை மலைபோல் எழுந்து பாலத்தை மூடும் காட்சியைச் செய்தித்தாள்களில் கண்டிருப்போம். சலவைப் பொருள்களும் சாக்கடையும் கலந்தமையின் விளைவு அது. அந்நீரை நம்பிக் கால்வாய்ப் பாசனம் செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர், ‘இந்நீரில் பயிர் வளருமா?’ என்று கேட்டுச் சோதனை தொடங்குவாராயின், அவ்வினாவே திருத்தம் வேண்டுவது. வளரும். சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. கேழ்வரகு அதில் கிணற்று நீரினும் கரும்பச்சையாகத் தழைத்தல் கூடும். மொச்சையோ தன் கட்டுச்சோற்றை உண்டு எந்நீரிலும் முளைக்கும். இரண்டும் ‘நல்ல நீர்’ என்றே சாட்சி கூறும். இலையின் பசுமை நீரின் தூய்மைக்கு அளவுகோல் அன்று என்பதனை இவ்விடத்தில் அழுத்திக் கூறவேண்டும்.

இதற்கு ஏற்ற சாட்சி அடுக்களையிலேயே உள்ளது, அது வெங்காயம். ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் 1938-இல் மருந்துப் பொருளொன்றின் விளைவை வெங்காய வேரில் ஆராய்ந்தார். அதே நாட்டு பிஸ்கெஷோ அம்மையார் 1985-இல் நீரின் நச்சுத்தன்மையை அளக்கும் பொதுமுறையாக அதனை வகுத்தளித்தார். வெங்காயத்திலும் கட்டுச்சோறு உண்டே எனில், நாம் அங்கே பார்ப்பது உணவை அன்று. வேர்நுனி நீரில் நேரே நனைந்து, நாள்தோறும் புதிய உயிரணுக்களைப் பிறப்பித்துக்கொண்டிருப்பது. நஞ்சு பட்டால் முதலில் அப்பிறப்பே தடைப்படும். சேமித்த உணவு எல்லாக் குமிழ்களிலும் இருத்தலால், நீரின் சத்துக் குறைவு விடையைக் குழப்பாது. பிற சோதனைகளில் குறையாகத் தோன்றிய கட்டுச்சோறு இங்கே துணையாகின்றது.

ஒரே அளவுள்ள சின்ன வெங்காயங்களை எடுத்து, காய்ந்த மேற்றோலையும் அடியிலுள்ள பழைய வேர்நாரையும் புதுவேர் எழும் வளையம் சிதையாமல் நீக்கி, குறுகிய வாயுடைய கண்ணாடிக் குப்பிகளின்மேல் அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடுமாறு அமர்த்தவேண்டும். நீர் ஒவ்வொன்றுக்கும் பத்துக் குமிழ்களேனும் வேண்டும். வெயில் படாத இடத்தில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, நான்காம் நாள் ஒவ்வொரு குமிழிலும் நீண்ட வேர்களை மில்லிமீட்டரில் அளந்து சராசரி காணவேண்டும். கொக்கிபோல் வளைந்த வேர், பருத்த நுனி, பழுப்பு நிறம் ஆகியவற்றைத் தனியே குறிக்கவேண்டும். அணைநீரை எடுப்போர் கையுறை அணிதல் அவசியம். சோதித்த வெங்காயத்தைக் குழம்பில் இடுதல் கூடாது. சிக்கனக்காரர் வீட்டில் இவ்வெச்சரிக்கை மிகையன்று.

ஒப்புநோக்குதற்குக் கொள்ளும் நீர் எது என்பது அடுத்த தேர்வு. கிணற்று நீரைத் தூயதெனக் கொள்ளுதல் நம் பக்கத்தில் ஆகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதனாலன்றோ 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்குக் கொணரப்பட்டது! திறந்த வெளியில், முதல் மழையை விடுத்து இரண்டாம் மழையில் ஏந்திய நீரே ஒப்புநோக்கத் தக்கது. வேறொரு குப்பி வரிசையில் மழைநீரோடு சிட்டிகையளவு சலவைத்தூள் கலந்து வைக்கவேண்டும். அந்நீரிலும் வேர் வழக்கம்போல் நீளுமாயின், நாம் வாங்கிய வெங்காயம் தீங்கை உணரவல்லதன்று. அதன் சாட்சியைத் தள்ளிவிட்டு வேறு வெங்காயம் வாங்கவேண்டும். சாட்சியைச் சோதிக்காமல் வழக்கைச் சோதிப்பதில் பொருளில்லை.

அணைநீரில் வேர் குறுகிற்று எனின், அதனை மழைநீரோடு சமபங்கு கலந்தும், நான்கில் ஒரு பங்கு கலந்தும் மீண்டும் வைத்துப் பார்க்கலாம். கலக்கக் கலக்க வேர் படிப்படியாக நீளுமாயின், குறைவு நீரினாலேயே வந்தது என்று துணிந்து கூறலாம். எல்லாக் கலவையிலும் ஒரே அளவு குறுகி நிற்குமாயின், குப்பியிலோ இடத்திலோ குமிழிலோ குற்றம் தேடவேண்டும். குறுக்கியது எப்பொருள் என்பதனையும், ஈயம் காட்மியம் போன்ற உலோகங்கள் கீரையிலும் தானியத்திலும் எவ்வளவு ஏறின என்பதனையும் வெங்காயம் கூறாது. அதற்கு இரசாயனச் சாலையே செல்லவேண்டும். அங்கே எந்த மாதத்து நீரை, அணையின் எப்பக்கத்திலிருந்து எடுத்துச் செல்வது என்பதனைக் காட்ட, பன்னிரண்டு மாதமும் மாதம் ஒருமுறை அளந்த வேரின் கணக்கு ஒன்று கையிலிருந்தால் போதும்.